அயல்மண்ணில் தொண்டு: ஆயத்தம் எங்கே தொடங்குகிறது?

இறுதியாண்டுத் தேர்வுகள் முடியும் தறுவாயில் நற்சான்றிதழ் கேட்டு நம் துறைக்கு வரும் மாணவர் பலர். முன்னாளில் அவர்கள் வளைகுடா நாடுகளில் வேலை தேடுவதற்கோ ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பதற்கோ வருவர். அண்மை ஆண்டுகளில் மற்றொரு காரணமும் சேர்ந்துள்ளது. "அயல்நாட்டில் தொண்டாற்றப் போகிறேன் ஐயா, ஓராண்டுக்கு" என்று சொல்லி வந்து நிற்கின்றனர். கேட்கும்போதே நெஞ்சு நிறைகிறது. நல்லொழுக்கம் உடையவர், உழைப்பாளி, ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் வல்லவர் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுகிறோம். அவர் போகின்ற நாட்டில் மக்கள் என்ன மொழி பேசுகின்றனர் என்று நாம் ஒருமுறையும் கேட்டதில்லை. அந்தக் குறை நம்முடையது என்பதை உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு.

நம் மாணவர் ஒருவர் கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டுச் சிற்றூர் ஒன்றுக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கச் சென்றார். பெயர் வேண்டா. ஓராண்டு தங்குவதாகத் திட்டம். மூன்று மாதம் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டார். அவரை அனுப்பிய அமைப்பு சுற்றுலா அனுமதியிலேயே அவரை விமானம் ஏற்றியிருந்தது. அந்நாட்டில் ஊதியமில்லாத் தொண்டுக்கும் தனியே தங்குரிமைச் சீட்டு பெற வேண்டும் என்பது அங்கே போன பின்னர்தான் அவருக்குத் தெரிந்தது. இடையில் மலேரியாக் காய்ச்சல் வேறு. கொசுவலையைப் 'பிறகு கட்டிக்கொள்ளலாம்' என்று மடித்தே வைத்திருந்தாராம். அவர் திரும்பிய நாளில் பள்ளியில் பாதிப் பாடம்கூட நடந்திருக்கவில்லை.

அவர் வருந்தியது காய்ச்சலுக்காகவோ செலவான பணத்துக்காகவோ அன்று. "வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள் ஐயா. பின்னக் கணக்கின் நடுவிலே விட்டுவிட்டு வந்தேன்" என்றார். மற்றொன்றும் சொன்னார். ஊர்ப் பெரியவர்களைக் காணும்போதெல்லாம் 'ஜாம்போ' என்று கையசைத்து வந்திருக்கிறார். அது சுற்றுலாப் பயணிகளிடம் புழங்கும் வாழ்த்து. அந்நாட்டில் இளையவர் மூத்தோரைக் கண்டால் 'ஷிகமோ' என்று சொல்ல வேண்டும். மூத்தோர் 'மரஹபா' என்று விடையிறுப்பர். 'உங்கள் பாதம் பற்றுகிறேன்' என்பது முன்னதன் பழம்பொருள் என்பர். அவர் தங்கியிருந்த வீட்டின் மூதாட்டி இரண்டு மாதம் பொறுத்திருந்து, ஒருநாள் தம் பேரனைக் கொண்டு இதைச் சொல்லச் செய்தாராம். நம் ஊரில் ஓர் அயலவர் வந்து நம் நன்னாவைப் பார்த்து 'என்னப்பா' என்று இரண்டு மாதம் அழைத்துக்கொண்டிருந்தால் எப்படியிருக்கும்!

இத்தனைக்கும் சுவாஹிலி மொழி நம் மாணவருக்கு முற்றிலும் அயலானதன்று. அரபுச் சொற்கள் மலிந்த மொழி அது. நூலுக்குக் 'கிதாபு' என்பர். பயணத்துக்குச் 'சஃபாரி' என்பர். நம் வீடுகளில் வழங்கும் 'சபர்' என்னும் சொல்தான் அது. ஒரே அரபு வேரிலிருந்து வங்கக் கடலோரத்துக்கும் ஆப்பிரிக்கக் கடலோரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. போவதற்கு முன் மூன்று மாதம் ஒதுக்கியிருந்தால் பாதி மொழி கைவந்திருக்கும். ஆங்கிலம் போதும் என்ற எண்ணமே அவரைத் தடுத்தது. அந்த எண்ணத்தைச் சான்றிதழில் எழுதிக் கொடுத்தவர்கள் நாம்.

அயல்மண்ணில் வாழ்வதற்கும் தொண்டாற்றுவதற்கும் எவ்வாறு ஆயத்தமாவது என்று கேட்போர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மதுரையே அதற்கு ஒரு பாடநூல். எழுநூறு ஆண்டுகளாக அயலவர் பலர் இந்நகருக்கு வந்து தங்கியிருக்கின்றனர். அவர்களுள் வென்றவரும் உண்டு, தோற்றவரும் உண்டு. வந்த அவர்கள் என்ன செய்தனர் என்பதைக் கண்டால், இங்கிருந்து போகிற நாம் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கும்.

முதலில் நினைவுக்கு வருபவர் இப்னு பதூதா. மொராக்கோவின் தஞ்சா நகரில் 1304-இல் பிறந்த இவர், மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில், 1344-ஆம் ஆண்டை ஒட்டி இங்கு வந்தார். இலங்கையிலிருந்து வந்த கப்பல் உடைந்து கரையேறியவர் அவர். அப்போது ஆண்ட கியாசுத்தீன் தாமகானி இவருக்கு உறவினர். இருவரும் சகோதரிகளை மணந்தவர்கள். அவர் வந்த வேளையில் மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய் கண்டவர் இரண்டு மூன்று நாள்களில் மடிந்தனர் என்று தம் பயண நூலில் எழுதுகிறார். அவரையும் கடுங்காய்ச்சல் பற்றியது. பிழைக்கமாட்டோம் என்றே எண்ணினார். இங்கு மிகுதியாகக் கிடைத்த புளியை நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போயிற்று; காய்ச்சல் தணிந்தது. இறைவன் உள்ளத்தில் உணர்த்திய மருந்து என்று அதைப் போற்றுகிறார். புளிக்கு அரபு மொழியில் 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் பெயர் உண்டு என்பதை நம் மாணவர் அறிவர். அந்த மண்ணின் நோய்க்கு அந்த மண்ணிலேயே மருந்து தேடிய அறிவு அவரைக் காத்தது. மருத்துவர் வேண்டா, புளி போதும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது.

ஆயினும் இதே பதூதா மதுரைக்கு வருவதற்குச் சற்று முன்னர், 1343-44-இல், மாலத்தீவில் காஜியாக இருந்தபோது நடந்தது வேறு. அத்தீவு மக்கள் முஸ்லிம்கள். மார்க்கப் பற்று உடையவர்கள். எனினும் அங்குள்ள பெண்கள் இடுப்புக்கு மேல் ஆடை அணியும் வழக்கம் இல்லாதிருந்தது. பதவியேற்றதும் அதை மாற்ற ஆணையிட்டார். நடக்கவில்லை. தம்முன் வழக்குரைக்க வரும் பெண்களை மட்டும் உடல்மூடி வரச் செய்ய முடிந்தது. அதற்கு மேல் தம்மால் இயலவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வாராதவர்க்குத் தண்டனையும் விதித்தார். சில மாதங்களில் ஆட்சியாளருடன் பிணங்கித் தீவை விட்டே நீங்க நேர்ந்தது. மார்க்கக் கல்வி இருந்தது, பதவி இருந்தது, அதிகாரமும் இருந்தது. அம்மக்களோடு இருந்து, அவர்களைக் கேட்டறியும் பொறுமை மட்டும் இல்லை. தம்மைப் போன்றே தொழுபவர்கள் தம்மைப் போன்றே வாழ்வர் என்று அவர் எண்ணிவிட்டார். மார்க்கம் ஒன்றாயினும் மண் வேறு என்பதைக் காஜிமார் தெருவில் பிறந்து கெய்ரோவுக்கோ ஜகார்த்தாவுக்கோ போகிறவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்து இராபர்ட் தெ நொபிலி. இத்தாலி நாட்டு உயர்குடியினரான இவர் 1606-இல் மதுரை வந்தார். இவர்க்கு முன்னரே பெர்னாண்டஸ் என்னும் போர்த்துகீசியத் துறவி பத்தாண்டுக்கு மேலாக இங்குப் பணிபுரிந்தும் மதுரை மக்கள் அவரை அண்டவில்லை. காரணத்தை நொபிலி ஆராய்ந்தார். வந்தவர்களை இவ்வூரார் 'பறங்கி' என்றனர். மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தி, நீராடாது திரியும் கூட்டம் என்பது அச்சொல்லுக்கு அவர்கள் கொண்ட பொருள். நொபிலி காவி உடுத்தார். புலால் நீக்கினார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். சிவதருமர் என்னும் அந்தணரே அவருக்கு ஆசிரியர். தத்துவ போதகர் என்ற பெயரால் தமிழில் உரைநடை நூல்கள் எழுதினார். அவர் பரப்ப வந்த சமயம் நம் பொருளன்று. ஐரோப்பியர் ஒருவர் தம் உணவையும் உடையையும் நாவையும் இத்தனை முழுமையாக மாற்றிக்கொண்டு அயலார் நடுவே ஐம்பதாண்டு வாழ்ந்ததுதான் நாம் ஈண்டு நோக்குவது. அவருடைய சொந்தச் சபையாரே அவர்மீது குற்றம் சாட்டினர். வழக்கு உரோமாபுரி வரை போய் 1623-இல் போப்பாண்டவரின் ஆணையால் முடிந்தது. 1656-இல் மயிலாப்பூரில் காலமானார்.

நொபிலியைப் புகழ்வோர் பலர் சொல்லாது விடும் செய்தி ஒன்று உண்டு. உயர்சாதியாரின் நம்பிக்கையைப் பெறுவதற்காக அவர் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர்களிடமிருந்து விலகி நின்றார். அயல் பண்பாட்டை ஏற்பதாக எண்ணி அதனுள் இருந்த தீண்டாமையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார். பதூதா மாலத்தீவில் எதையும் ஏற்காது ஆணையிட்டார். நொபிலி மதுரையில் ஏற்கத் தகாததையும் ஏற்றார். தொண்டுக்குச் செல்வோர் தவறி விழும் இரு பள்ளங்கள் இவை. முன்னதில் விழுந்தவரை ஊரார் உடனே கண்டுகொள்வர். பின்னதில் விழுந்தவருக்கு ஊரார் மாலையிடுவர். ஆகையால் அவர் எழுவது கடினம். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத ஊரில், 'இது இவர்கள் பண்பாடு' என்று வாளாவிருக்கும் தொண்டரை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இவ்விரண்டுக்கும் நடுவே நடந்தவராக நாம் கருதுவது இரால்ஃப் இரிச்சர்டு கெய்தானை. அமெரிக்க மதுரை மிஷன் பணிக்காக 1925-இல் இங்கு வந்த இவர் கதர் உடுத்தினார், எளிய உணவு கொண்டார், காந்தியடிகளின் இயக்கத்தாரோடு நட்புப் பூண்டார். அதனால் ஆங்கில அரசு இருமுறை இவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது. விடுதலைக்குப் பின் திரும்பி வந்தார். சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே நிறுவிய காந்திகிராமத்தின் சுற்றுப்புறங்களில் பல்லாண்டு உழைத்தார். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் இவரோடு இணைந்து பணியாற்றியவர். கெய்தான் இம்மண்ணின் உடையை ஏற்றார். இம்மண்ணின் தீண்டாமையை ஏற்கவில்லை. அவர் தலைமையேற்று நடத்த வந்தவரல்லர், உடன் உழைக்க வந்தவர். அந்த வேறுபாட்டைச் சிற்றூர் மக்கள் நன்கறிவர்.

இனி, மொழிக்கு வருவோம். அமெரிக்க விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1960-களில் தொடங்கிப் பல்லாண்டுகள் தன் மாணவர்களை ஓராண்டுத் தங்கலுக்காக மதுரைக்கு அனுப்பி வந்தது. புறப்படுவதற்கு முன் கோடைகாலம் முழுவதும் அவர்கள் அங்கேயே தமிழ் கற்றனர். ஓபர்லின் கல்லூரியைச் சார்ந்த சான்சி அமைப்பின் வழியே அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் இளம் பட்டதாரிகள் வந்து ஆங்கிலம் கற்பித்தனர். இத்தகையோர் சிலரோடு பழகும் வாய்ப்பு நமக்கும் கிட்டியதுண்டு. அவர்களுள் ஒருவர் நகரப் பேருந்தில் ஏறி, "ஐயா, இப்பேருந்து பெரியார் பேருந்து நிலையத்திற்குச் செல்லுமா?" என்று வினவ, நடத்துநர் சீட்டுக் கிழிப்பதையே மறந்து அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். சுற்றியிருந்தோர் சிரித்துவிட்டனர். நாம் வகுப்பில் கற்பிப்பது அந்தத் தமிழைத்தான் என்பதால் நாம் சிரிக்க இயலவில்லை.

எழுத்துமொழி வேறு, பேச்சுமொழி வேறு என்னும் இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. அரபுக்கும் அதுவே நிலை. நம் மாணவர் பலர் இளமை முதல் அரபு எழுத்துகளை ஓதி வளர்ந்தவர்கள். சிலர் இலக்கணமும் அறிவர். அந்த நம்பிக்கையோடு கெய்ரோவில் இறங்கினால், 'ஜமால்' என்னும் பெயரின் முதலெழுத்து அங்கே ககரத்தை ஒத்து ஒலிப்பதைக் கேட்டு மருள்வர். 'என்ன வேண்டும்?' என்பதற்கு நூலில் கற்றது 'மாதா துரீது'. அங்குக் கடைக்காரர் கேட்பது 'ஆயிஸ் ஏ'. மொராக்கோவில் அது மீண்டும் மாறும். ஆகவே எந்நாட்டுக்குச் செல்வோரும் அந்நாட்டு மொழியின் நூல்வடிவோடு நில்லாது, தெருவடிவையும் கற்கத் தொடங்க வேண்டும். மூத்தோரை எப்படி விளிப்பது, உணவை எப்படி மறுப்பது, நோயுற்றால் எப்படிச் சொல்வது என்பன இலக்கணத்துக்கு முன் வர வேண்டியவை.

உணவை மறுப்பது என்றோம். அது எளிதன்று. தான்சானியா சென்ற நம் மாணவர் அத்தா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியையும் ஊறுகாயையும் தம் அறையில் வைத்துத் தனியே உண்டு வந்தார். அந்நாட்டு மக்களின் அன்றாட உணவு 'உகாளி'. மக்காச்சோள மாவை நீரில் கிளறிச் செய்வது. உசிலம்பட்டிப் பக்கம் கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவருக்கு அது அயலுணவே அன்று. ஒரே தட்டிலிருந்து எல்லோரும் கையால் பிட்டு உண்பர். அவர் ஒரு நாளும் அத்தட்டில் கை வைக்கவில்லை. 'எங்கள் உணவு உனக்கு ஆகாதோ' என்று அவர்கள் கேட்கவில்லை. அதுவே அவரை இப்போது வாட்டுகிறது. ஆகாத இறைச்சியை மறுப்பது கடமை. முன்கூட்டியே தெளிவாகவும் பணிவாகவும் சொன்னால் எந்நாட்டு விருந்தோம்புவாரும் மதிப்பர். ஆகும் உணவையும் ஒதுக்குவது வேறு.

வடபுல நாடுகளுக்குச் செல்வோர் நோன்பு பற்றியும் எண்ண வேண்டும். கோடையில் இரவு மிகக் குறுகியது. வோல்கா ஆற்றங்கரைப் பல்கார் நகரில் ரமலான் இரவொன்றில் நோன்பு திறந்து இரவுத் தொழுகையை முடிப்பதற்குள் விடிந்துவிட்டதாக இப்னு பதூதா எழுதியிருக்கிறார். அப்பயணத்தை அவர் மேற்கொண்டாரா என ஐயுறும் ஆய்வாளர் உளர் எனினும் அவ்வூரின் இரவு குறுகியது என்பது உண்மை. அங்குள்ள ஜமாஅத்தார் என்ன முறை கொள்கின்றனர் என்று போகுமுன்பே கேட்டறிவது நலம்.

சட்டத் தேவைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். நுழைவு அனுமதி எவ்வகையது, அது தொண்டுக்குச் செல்லுமா என்பதைத் தரகரிடமன்றி அந்நாட்டுத் தூதரகத்திடம் கேட்க வேண்டும். ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். பயணத்துக்குப் பத்து நாள் முன்னரேனும் போட்டாக வேண்டும். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் அது போடப்படுகிறது. 2016 முதல் அச்சான்று வாழ்நாள் முழுதும் செல்லும். நோய் பரவிய நாட்டிலிருந்து அச்சான்றின்றித் திரும்பினால் நம் நாட்டு விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவர். கடவுச்சீட்டின் படி ஒன்று வீட்டில் இருக்கட்டும். திரும்பும் பயணச்சீட்டுக்கான பணம் மாணவர் கையிலேயே இருக்கட்டும்.

இன்னும் ஒன்றைச் சமுதாயப் பெரியவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். அநாதைப் பிள்ளைகளுக்குத் தொண்டாற்ற வாருங்கள் என்னும் அழைப்பு நம் உள்ளத்தை எளிதில் உருக்கும். எத்தீம்களைப் பேணும் மரபில் வந்தவர்கள் நாம். ஆனால் கம்போடியா, நேபாளம் முதலிய நாடுகளில் அயல்நாட்டுத் தொண்டர் தரும் கட்டணத்துக்காகவே விடுதிகள் பெருகின. அங்குச் சேர்க்கப்பட்ட பிள்ளைகளுள் மிகப் பலர்க்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்ததைக் குழந்தை நல அமைப்புகள் எடுத்துக்காட்டின. மூன்று மாதத்துக்கு ஒருவராக அன்பு காட்டிப் பிரிந்து செல்லும் 'அண்ணன்'களையும் 'அக்கா'க்களையும் அப்பிள்ளைகள் எத்தனை முறை தாங்குவர்? தொண்டரிடமே பெருந்தொகை கேட்கும் அமைப்பைக் கண்டால், அத்தொகை எங்கே போகிறது என்று கேட்பது நம் கடமை.

நாம் போன பின் அங்கு என்ன நிற்கும் என்பதையும் புறப்படுமுன்பே எண்ண வேண்டும். இதற்கும் மதுரையில் சான்று உண்டு. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அமெரிக்காவின் சேவா அமைப்பைச் சேர்ந்த தொண்டர்கள் அதற்குத் துணைநின்றனர். கண்ணுக்குள் பொருத்தும் வில்லை அந்நாளில் ஏழைகளுக்கு எட்டாத விலை. வெளிநாட்டிலிருந்து வில்லைகளை நன்கொடையாக வாங்கி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கலாம், கைதட்டும் கிடைத்திருக்கும். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. வில்லை செய்யும் நுட்பத்தை மதுரைக்கே கொணர்ந்து 1992-இல் ஆரோலேப் தோன்றத் துணைபுரிந்தனர். நம் சுற்றுப்புறச் சிற்றூர்ப் பெண்கள் அங்கே வில்லை செய்யக் கற்றனர். விலை பன்மடங்கு குறைந்தது. தொண்டர்கள் சென்றுவிட்டனர், வில்லைகள் இங்கிருந்து உலக நாடுகள் பலவற்றுக்குப் போகின்றன.

நம் கல்லூரிகளில் 1969 முதல் நாட்டு நலப்பணித் திட்டம் உள்ளது. ஆண்டுதோறும் ஏழு நாள் சிறப்பு முகாம். மேலூர்ப் பக்கமோ பேரையூர்ப் பக்கமோ செல்கிறோம். சமையற்காரரையும் குடிநீரையும் உடன் கொண்டுபோகிறோம். மரக்கன்று நடுகிறோம். நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த ஆண்டு வேறோர் ஊர். நட்ட கன்றுக்கு நீர் ஊற்றியவர் யார் என்று நாம் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை. இந்த முகாமைப் பயிற்சிக்களமாகக் கொள்ளலாம் என்பது நம் கருத்து. அயல்நாடு செல்ல விரும்பும் மாணவர் மதுரைச் சமவெளியில் தமக்கு உறவில்லாத, தம் சாதியோ சமயமோ இல்லாத ஒரு சிற்றூரில் ஒரு மாதம் தங்கட்டும். அவர்கள் உணவை உண்டு, அவர்கள் கிணற்று நீரை இறைத்து, முதல் இரண்டு வாரம் எந்த யோசனையும் கூறாமல் இருந்து பார்க்கட்டும். பதினைந்தாம் நாள் அவ்வூர்ப் பெண் ஒருத்தி, "தம்பி, அந்த விண்ணப்பத்தை எழுதித் தர்றீங்களா" என்று தாமே கேட்டால் அவர் ஆயத்தமாகிவிட்டார் என்று கொள்ளலாம். அப்படி ஒருவரும் கேட்காவிட்டால் இன்னும் ஒரு மாதம் தங்கலாம். பேருந்துக் கட்டணம் அன்றி வேறு செலவில்லை.

திரும்பி வந்த நம் மாணவர் இப்போது ஒத்தக்கடை அருகே ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். உரிய தங்குரிமைச் சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, அதே ஊருக்குத் திரும்பிப் போகக் காத்திருக்கிறார். பின்னக் கணக்கை முடிக்க வேண்டுமாம். சனிக்கிழமை மாலைகளில் நம் துறைக்கு வந்து, அவ்வழியே செல்ல விரும்பும் இளையோர் இருவர்க்குச் சுவாஹிலி கற்பிக்கிறார். அவ்விருவரும் தாழ்வாரத்தில் நம்மைக் காணும்போதெல்லாம் 'ஷிகமோ' என்கின்றனர். முதலில் நாம் தடுமாறினோம். 'மரஹபா' என்று விடையிறுக்க இப்போது நமக்கும் பழகிவிட்டது.